துளசியின் கீபோர்டும் அம்மா ஒளித்த பட்டனும்

அன்பு மகள் துளசிக்கு அப்பா எழுதுவது. பினாங்கில் நானும் உன் அம்மாவும் நல்ல சுகம், அவள் முழங்கால்தான் கொஞ்சம் மக்கர், வாய் புது மோட்டார் மாதிரி ஓடுது. டப்ளின் குளிரில் உன்னையும் நோய்நொடி அண்டாமல் தண்ணீர்மலை முருகன் பார்த்துக்கொள்வான்.

நீ கேட்ட கம்ப்யூட்டர் கீபோர்டு இந்தப் பெட்டியில் வருது. ரெண்டு வருஷத்தில் வந்துடுவேன், அதை அப்படியே வைங்கன்னு சொல்லிட்டுப் போன பிள்ளை இப்போ அனுப்பச் சொன்னதும், இனிமே இவள் வரமாட்டாள்னு உன் அம்மா முடிவே கட்டிட்டாள். நான் சிரிச்சு மழுப்பினேன், ஆனா எனக்கும் அதே சந்தேகம்தான் மா. சரி, அனுப்புறதைச் சுத்தமா அனுப்புவோம்னு பட்டனை எல்லாம் பிடுங்கிச் சவர்க்காரத் தண்ணியில் ஊறப்போட்டேன், உள்ளே நீ தின்ன முறுக்கு மட்டும் ஒரு கிலோ தேறும். காய்ந்ததும் ஏ பி சி டின்னு வரிசையா மாட்டி, மூணாம் வகுப்போட நின்னவன் வேலையைப் பாருன்னு அக்கரை பட்டர்வொர்த்தில் போன் கடை வச்சிருக்கிற நம்ம ஹாஃபிஸ் தம்பிக்கிட்ட பெருமையா காட்டினேன். அவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான், அண்ணே இது பாலர் பள்ளி வரிசை லா, இப்படி மாட்டினால் துளசி விரல் இடம் தப்பிடும்னான். எஃப், ஜே ரெண்டையும் தடவச் சொன்னான். அது ரெண்டில் மட்டும் அரிசி நுனி மாதிரி ஒரு மேடு! விரல் எங்கே ஓடினாலும் அதைத் தொட்டுத்தான் தன் இடத்தைத் தெரிஞ்சுக்குமாம், கண்ணு திரையை விட்டு இறங்கவே வேண்டாமாம். நீ ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே பார்க்காமலே மழை மாதிரி தட்டுவியே, ஏதோ கோபம்னு நினைச்சு நான் டீ போட்டுக் கொடுத்துட்டு ஓடிடுவேன். இன்னொண்ணும் சொன்னான். நான் தினம் ஃபெரி படகில் ஏறும்போது போனைக் காட்டினால் கதவு திறக்குது பார், அதுக்குள்ளேயும் உன்னைப் போல கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற யாரோ ஒரு பிள்ளை தட்டின எழுத்துதான் ஓடுதாம். இத்தனை நாள் கதவு தானா திறக்குதுன்னுதானே இருந்தேன்! உடம்பே சிலிர்த்துப் போச்சு. தீவு வந்து சேரும்வரை என் விரலையே பார்த்துக்கிட்டு வந்தேன்.

ஹாஃபிஸ் எல்லாத்தையும் சரியா மாட்டிப் பார்த்தால் பெரிய பட்டன் ஒண்ணு குறையுது, என்டராம், அது இல்லாவிட்டால் அடுத்த வரிக்கே போக முடியாதாம். வீட்டுக்கு வந்து சிங்க்கைக் கழட்டித் தேடுறேன், உன் அம்மா அதை மிளகாய்த்தூள் டின்னுக்குள் ஒளிச்சு வச்சிருக்கிறாள். எல்லாத்தையும் அனுப்பிட்டால் அவள் எதுக்கு இங்கே வருவாள், ஒண்ணாவது என்கிட்ட இருக்கட்டும்னு ஒரே அழுகை. அதட்ட மனசு வரலை. ஹாஃபிஸ் யோசனைப்படி, மேல் வரிசையில் இருக்கிற ஸ்க்ரோல் லாக் பட்டனைக் கழட்டி, இதுதான் எல்லாத்துக்கும் தலைவர்னு கொடுத்து என்டரை வாங்கிட்டேன். அது எதுக்குன்னு ஹாஃபிஸுக்கே தெரியாதாம். அம்மா அலமாரியில் வச்சுப் பூட்டிட்டாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, விரலுக்கு ஓய்வு கொடு. எங்கே இருந்தாலும் நீ தட்டுறதெல்லாம் நல்லபடியா ஓடி நீ நிறைவா வாழணும். மறக்காதே, போன் போடும்போது அந்தப் பட்டன் இல்லாமல் கை ஒடிஞ்ச மாதிரி இருக்குன்னு அம்மாகிட்ட சொல்லு. அந்தப் பொய் என் கணக்கில் போகட்டும். வந்து வாங்கிக்கிறேன்னு மட்டும், நிஜமா வர்றதா இருந்தால்தான் சொல்லு.

உன் அப்பா,
தங்கராஜு