ட்ரோனுக்கு வாங்காமல் விட்டவை

மார்ச் 4, செவ்வாய்

வீட்டுத் தரகர் இன்றைக்கும் அதே பாட்டுதான். "மேலேர்ந்து எடுத்த படம் இல்லேன்னா இப்பல்லாம் வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்கறாங்க மேடம்." பதினோரு வருஷமாக விற்பனைக்கு வரும் வீடுகளைப் படம் எடுக்கிறேன். தீப்பெட்டி மாதிரி குளியலறையைக்கூட மண்டபமாகக் காட்டிவிடுவேன். இனிமேல் கூரையையும் காட்ட வேண்டுமாம்.

அதனால் ட்ரோன் வந்துவிட்டது. கேமராவோடு சேர்த்தே இருநூற்று நாற்பத்தொன்பது கிராம்தான். என் நாத்தனார் தையல் மிஷினை விட்டு எழுந்து வந்து, கழுத்தில் தொங்கும் டேப்போடு குனிந்து பார்த்தாள்.

"இதா பறக்கப்போகுது? நாம தும்மினா இது பக்கத்து வீட்ல போய் விழும் அண்ணி."

மார்ச் 6, வியாழன்

கேமரா கடைக்குப் போனேன். கடைக்காரர் பொறுமைசாலி. எது எது அவசியம் என்று கேட்டதற்கு ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தார். முதலில் இறங்கு விரிப்பு. தரையில் வட்டமாக விரித்து, அதன்மேல்தான் ஏற்றி இறக்க வேண்டுமாம். அடுத்தது இறக்கைகளைச் சுற்றி மாட்டும் கூண்டு. பிறகு உபரி இறக்கைகள், உபரி பேட்டரி, வேகமான மெமரி கார்டு. வெயிலைக் குறைக்கும் ஃபில்டர்களும் தோள்பையும் கடைசியில்.

நான் கீழேயிருந்து மேலே வாங்கிக்கொண்டு போனேன். ஃபில்டர் ஒரு பெட்டி. தேன் நிறத் தோள்பை, கண்ணைப் பறித்தது. கார்டு, இரண்டு பேட்டரி, இறக்கைகள். கூண்டு மாட்டினால் எடை இருநூற்றைம்பது கிராமைத் தாண்டி, தனி அனுமதி வாங்க வேண்டும் என்று அவரே சொன்னார். "ஆனா பக்கத்துல ஆள் இருந்தா மாட்டாம பறக்கவிடாதீங்க" என்றும் சொன்னார். முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன்.

"அப்ப விரிப்பு?"

"எதுக்குங்க? ஊர்ல தரைக்கா பஞ்சம்?"

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

பூங்காவில் முதல் பறப்பு. இறக்கும்போது புல் சுற்றி ஒரு இறக்கை மடங்கிவிட்டது. கேமராவில் மண். இணையத்தில் ஒருவர் ட்ரோனை உள்ளங்கையில் இறக்கிக் காட்டினார், அழகாக இருந்தது. என் இரண்டு கையும் ரிமோட்டில். நாத்தனார் சும்மாதான் நின்றாள். கையை நீட்டச் சொன்னேன். வந்து உட்கார்ந்தது.

"ஐயோ, கூசுது அண்ணி!" என்று சிரித்தாள்.

மார்ச் 15, சனி

மூன்று வீடுகள், ஏழு பறப்பு, ஏழும் அவள் கையில் இறங்கின. தரகருக்கு ஏகப்பட்ட திருப்தி.

மார்ச் 18, செவ்வாய்

அவள் விரல். வலது கை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும். ஆறு தையல்.

எழுத முடியவில்லை.

மார்ச் 19, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

மஞ்சள் பெயின்ட் அடித்த மாடி வீடு. முற்றம் முழுக்கச் சரளைக்கல். கீழே இறக்கினால் கல் தெறிக்கும், கேமரா போய்விடும் என்று நினைத்தேன். என் நினைப்பில் கேமராதான் இருந்தது, அதையும் எழுதுகிறேன். காற்று கொஞ்சம் பலமாக இருந்தது. ட்ரோன் அவள் கைக்கு மேலே வந்ததும், கீழே ஏதோ தடை என்று எண்ணி மேலே எழும்பியது. பேட்டரி தீரப்போவதாக ரிமோட் கத்தியது. "எட்டிப் பிடி! பிடி, போயிடப்போகுது!" என்று நானும் கத்தினேன். எட்டிப் பிடித்தாள்.

இத்தனூண்டு பிளாஸ்டிக். இவ்வளவு இரத்தமா?

மருத்துவமனையில் டாக்டரம்மா கேட்டார், "எப்படி ஆச்சு?" நாத்தனார் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "வேணாம் வேணாம்னு சொல்லச் சொல்ல கையை விட்டுட்டா டாக்டர்."

யோசித்துச் சொன்னேனா? இல்லை. தானாக வந்தது. அதுதான் பயமாக இருக்கிறது. என்னிடம் பொய் இவ்வளவு தயாராகவா இருந்தது?

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம்கூட இல்லை. வழி தெரியாத இடத்தில் நிற்பவள் மாதிரி ஒரு பார்வை. பிறகு கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவரிடமும் அதையே சொன்னேன். அவர் தங்கையைப் பிடித்துக்கொண்டார். "குட்டி, உனக்கு அறிவில்ல? தையக்காரி கையைக் கொண்டுபோய் விசிறிக்குள்ள விடுவியா?"

"தெரியாம விட்டுட்டேண்ணா" என்றாள்.

மார்ச் 20, வியாழன்

பாத்திரம் தேய்க்க வந்தாள். நான் தேய்க்கிறேன் என்றேன். "சரி" என்று போய்விட்டாள். வேறு பேச்சில்லை.

மார்ச் 23, ஞாயிறு

மஞ்சள் வீட்டின் படங்களைத் தரகர் கேட்டார். கார்டைக் கணினியில் போட்டேன். கேமரா கடைசிவரை ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. சத்தம் பதிவாகாது, படம் மட்டும்தான். அண்ணாந்து பார்க்கும் அவள் முகம். அவளுக்குப் பின்னால் நான். கழுத்தில் ரிமோட்டைத் தொங்கவிட்டு, ஒரு கையை உயர்த்தி, இன்னும் மேலே, இன்னும் மேலே என்று சாடை காட்டுகிறேன். வாய் அகலத் திறந்திருக்கிறது.

எவ்வளவு அசிங்கமாக இருக்கிறேன்.

அழிக்கலாம் என்று விரல் போய்விட்டது. அழிக்கவில்லை. நல்லவள் என்பதால் இல்லை. அழித்தால் அவளுக்கும் எனக்கும் தெரிந்தது நடக்காததாகிவிடுமா என்ன?

மார்ச் 27, வியாழன்

தையல் பிரித்தார்கள். காயம் ஆறிவிட்டது. ஆனால் ஆள்காட்டி விரல் நுனியில் உணர்ச்சி இல்லை. டாக்டரம்மா பஞ்சால் தொட்டார், பேனா முனையால் தொட்டார். "தெரியுதா?" "இல்ல." "இப்ப?" "இல்ல டாக்டர்." நரம்பு மெதுவாகத்தான் வளருமாம். மாதக்கணக்கில் ஆகலாம், முழுதாக வராமலும் போகலாம்.

வீட்டுக்கு வந்து ஒரு துணியில் ஓரம் மடித்துப் பார்த்தாள். ஊசி விரலில் ஏறியது அவளுக்குத் தெரியவில்லை. துணியில் சிவப்பாகப் பட்ட பிறகுதான் பார்த்தாள். வாசல் வரை வந்த நான், அவள் பார்ப்பதற்குள் திரும்பிவிட்டேன். நான்! திரும்பிட்டேன்!

மார்ச் 29, சனி

தரகரிடம் வேலை செய்யும் இன்னொரு படக்காரர் போன் செய்தார். புதிதாக ட்ரோன் வாங்கியிருக்கிறாராம். "அக்கா, நீங்கதான் அனுபவசாலி. கூட என்னென்ன வாங்கணும், சொல்லுங்க."

அனுபவசாலி!

விரிப்பு முதலில், கனமான ஓரம் வைத்தது, காற்றில் பறக்காத மாதிரி என்றேன். பக்கத்தில் ஆள் இருந்தால் கூண்டு, அனுமதிக்கு அலைய வேண்டியிருந்தாலும். ஃபில்டர் எல்லாம் ஆற அமர வாங்கலாம். பையே வேண்டாம், டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள்.

"கையிலயே இறக்கலாம்னு சொல்றாங்களே?"

"யார் கையில?" என்றேன். கொஞ்சம் அதட்டலாகவே. ஊருக்கு உபதேசம் செய்ய மட்டும் நன்றாக வருகிறது எனக்கு.

மார்ச் 30, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மதியச் சாப்பாட்டில் மூன்று பேரும் இருந்தோம். அவள் இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டாள். அவர் கேலியாக, "இனிமே பறக்கறது எதையாவது பார்த்தா கையைக் கட்டிக்கிட்டு நில்லு குட்டி" என்றார்.

"நான்தான் நீட்டச் சொன்னேன்" என்றேன்.

"என்னது?"

"அவ கையில இறக்கினது நான். எல்லாத் தடவையும். அன்னைக்கு எட்டிப் பிடின்னு கத்தினதும் நான்தான். டாக்டர்கிட்ட சொன்னது பொய். உங்ககிட்ட சொன்னதும்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தார். "நீ ஏன் சொல்லல?"

"அண்ணி சொல்லுவாங்கன்னு பார்த்தேன்" என்றாள். "பன்னண்டு நாளாப் பார்த்தேன்."

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பின்னால் போய், "மன்னிச்சிரு" என்றேன். குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்டதோ இல்லையோ.

ஏப்ரல் 2, புதன்

விரிப்பும் கூண்டும் வாங்கினேன். கூண்டுக்கான அனுமதிக்கும் எழுதிப் போட்டாயிற்று. கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஏப்ரல் 11, வெள்ளி

தனியாகத்தான் படம் எடுக்கப் போகிறேன். காலையில் மட்டும் அவளுக்குத் துணி வெட்டிக் கொடுக்கிறேன், அவள் கோடு சொல்லச் சொல்ல. முதல் நாள் ஒரு சட்டைக் கையைத் தலைகீழாக வெட்டித் தொலைத்தேன். "கண்ணு கேமராவுக்கு மட்டும்தானா?" என்றாள். திட்டுதான். ஆனாலும் பன்னிரண்டு நாள் மௌனத்துக்கு அது எவ்வளவோ மேல்.

ஏப்ரல் 26, சனி

விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதாம். டாக்டரம்மா நல்ல அறிகுறி என்றாராம். அண்ணனிடம்தான் சொன்னாள், எனக்கு அவர் சொன்னார்.

சாயங்காலம் ஒரு பெண் கவுன் தைக்க வந்தாள். நாத்தனார் இடது கையால் டேப் பிடித்து அளவு சொல்ல, நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

"விரல்ல என்னங்க தழும்பு?" என்று வந்தவள் கேட்டாள்.

"அண்ணியோட ட்ரோன் வெட்டிடுச்சு. கையை நீட்டச் சொன்னாங்க, நீட்டினேன்."

சாதாரணமாகச் சொன்னாள், டேப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். வந்தவள் என்னைப் பார்த்தாள். முகம் சுட்டது. எழுந்து போய்விடலாம் போல இருந்தது. போகவில்லை.

"ஆமா" என்றேன். "என் தப்புதான்."

நாத்தனார் டேப்பை இடுப்புக்கு இறக்கினாள்.

"அண்ணி, தோள் பதினாலரைன்னு சொன்னேனே. எழுதினீங்களா?"

எழுதியிருக்கவில்லை. எழுதினேன்.