வெளிப்பலகை

கெர்ஸ்டாவ், சாக்சனி
1846, மார்ச் மாதம்

பிரியமுள்ள லெபரெக்ட் அண்ணனுக்குத் தங்கை எர்னஸ்டீன் எழுதுவது. ஓஹையோவில் உங்களையும் அண்ணியையும் பிள்ளைகளையும் கர்த்தர் சுகமாய் வைத்திருக்கட்டும்.

எல்பே ஆற்றில் பனிக்கட்டி உடைந்து ஓடத் தொடங்கிவிட்டது. போன வருஷம் உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிப்போனதால் இந்தக் குளிர்காலம் எல்லார் வீட்டிலும் அரைவயிறுதான். நம் அப்பாவின் கல்லறைச் சிலுவை காற்றில் சாய்ந்திருந்தது, நிமிர்த்தி வைத்தாயிற்று.

ஊர்ச் செய்தியாகவே எழுதிக்கொண்டு போனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே தாள் தீர்ந்துவிடும். அண்ணா, உங்கள் மருமகன், என் மகன் ஒட்டோமார் இப்போது இல்லை. பிப்ரவரியில், ஓடிக்கொண்டிருந்த ரயிலிலிருந்து விழுந்து இறந்துபோனான். உட்கார்ந்துகொள்ளுங்கள். மெதுவாகப் படியுங்கள்.

அவன் ரயிலில் கண்டக்டர் வேலைக்குச் சேர்ந்ததை எழுதியிருந்தேன். அந்த வேலை எப்படிப்பட்டது என்று எழுதவில்லை. இங்கே பெட்டிகளை உங்கள் மாப்பிள்ளை, என் வீட்டுக்காரர் டிரவுகாட்டைப் போன்ற குதிரைவண்டித் தச்சர்கள்தான் கட்டுகிறார்கள். மூன்று சாரட்டுகளை முதுகோடு முதுகு ஒட்டி ஒரே சட்டத்தில் ஏற்றியது போல இருக்கும். ஒவ்வொரு அறைக்கும் பக்கவாட்டில் தனிக் கதவு. ஓர் அறையிலிருந்து இன்னொன்றுக்கு உள்ளே வழி கிடையாது. அதனால் டிக்கெட் பார்ப்பவன் வெளியே, பெட்டியின் விலாவில் ஓடும் ஒரு பலகை மேல், பித்தளைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் போக வேண்டும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே. ஒரு பெட்டி முடிந்தால் நடுவில் ஆடும் சங்கிலிகளுக்கு மேலே காலை வீசி அடுத்த பெட்டிக்குத் தாவ வேண்டும்.

போன இலையுதிர்காலத்தில் உங்கள் கடிதம் வந்தபோது அவன்தான் உரக்கப் படித்தான். உங்கள் ஊரில் பெட்டி நீளமாக ஒரே கூடம் போல இருக்கும், நடுவில் நடைபாதை உண்டு, கண்டக்டர் கணப்பருகே குளிர்காய்ந்துகொண்டு உள்ளேயே நடப்பார் என்று எழுதியிருந்தீர்களே. அவன் படிப்பதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தான். "கேட்டீங்களாப்பா? மாமா ஊர்ல மனுஷன் மனுஷனா உள்ள நடக்கிறான். இங்க நான் பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டுப் போறேன்" என்றான்.

அவருக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தது. "அது பெட்டி இல்லடா, மாட்டுக் கொட்டாய். சீமாட்டி உட்கார்ந்திருக்கிற அறை வழியா எவன் வேணும்னாலும் சேத்துக் காலோட போவானா? வண்டின்னா அது ஒரு வீட்டோட முன்னறை மாதிரி இருக்கணும்" என்றார். அவர் பெட்டிகளை நீங்கள் பார்த்ததில்லை. சாரட்டுக்கு வைப்பது போலவே அடிவயிற்றை வளைத்து, பல தடவை வண்ணம் பூசித் தேய்த்து, முகம் தெரிகிற மாதிரி வார்னிஷ் போடுவார். அந்த வளைவைத் தடவிப் பார்க்காமல் பட்டறையிலிருந்து எந்தப் பெட்டியையும் வெளியே விடமாட்டார்.

ஒட்டோமார் விடவில்லை. "அழகாத்தான் இருக்கு. ஆனா உங்க வண்டிக்குத் தொப்பைப்பா. பலகையில நிக்கிறப்போ அந்தத் தொப்பை என்னை வெளிய தள்ளுது. வயித்தை எக்கிக்கிட்டு நிக்க வேண்டியிருக்கு" என்றான். "நீ குடிக்கிற பீரைக் குறை, எல்லாம் சரியாப் போகும்" என்றார் அவர். மேஜையே சிரித்தது. அவன் கட்டிக்கொள்ள இருந்த தெக்லாவும் அன்றைக்கு எங்களோடுதான் சாப்பிட்டாள். அதே பட்டறையில் இருக்கைகளுக்குக் குதிரைமுடி திணித்து மெத்தை தைக்கிற பெண். ஈஸ்டருக்குப் பிறகு கல்யாணம் என்று பேசி வைத்திருந்தோம்.

பிப்ரவரியில் அவன் விழுந்த அன்று, மழை விழும்போதே உறைந்தது. வாசற்படியில் நானே வழுக்கினேன். அவன் பூட்ஸுக்கு மேலே பழைய கம்பளிக் காலுறையை இழுத்து மாட்டிக்கொண்டு போனான், பிடிப்பு இருக்கும் என்று. அடுத்த ஸ்டேஷனில் கடைசிப் பெட்டியில் இருந்த பயணிகள் தங்களிடம் யாரும் டிக்கெட் கேட்கவில்லை என்று சொன்ன பிறகுதான் ஆள் இல்லை என்பதே தெரிந்தது. தண்டவாளக் காவல்காரர் ஒருவர் தேடிப்போய்க் கண்டெடுத்தார். என்னைப் பார்க்க விடவில்லை. தெக்லா பார்த்தாள். என்ன பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அடக்கத்துக்குப் பட்டறை மேலாளர் கிரெச்மார் வந்தார். நல்ல மனுஷர்தான், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "எல்லாரும் நடக்கிற பலகைதானே, டிரவுகாட். பாவம், பையன் கொஞ்சம் ஜாக்கிரதையா இருந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டார். உங்கள் மாப்பிள்ளை ஒரு பிடி மண்ணை எடுத்துக் குழிக்குள் போட்டார். அந்த வாரத்திலேயே வேலைக்குத் திரும்பிப் போனார். காலையில் போவார், சாயங்காலம் வருவார், தட்டில் போட்டதைச் சாப்பிடுவார். அவன் பெயரை நான் எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

அப்போது பட்டறையில் புதுக் கிளைப்பாதைத் திறப்பு விழாவுக்காக ஒரு முதல்வகுப்புப் பெட்டி தயாராகிக்கொண்டிருந்தது. அறைகளுக்கு நீலக் கம்பளித் துணி, ஜன்னலுக்குப் பட்டுத் திரை. எல்லாம் முடிந்து, மறுநாள் கொண்டுபோக வேண்டியதுதான் பாக்கி. அன்று முற்பகல், எல்லார் கண்ணெதிரிலும், அவர் ரம்பத்தை எடுத்துக்கொண்டு அதற்குள் ஏறினார். கடைசி நேரத்தில் ஏதோ சரி செய்கிறார் என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்களாம். அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை, மெத்தையோடும் துணியோடும் சேர்த்து, ஓர் ஆள் நுழைகிற அகலத்துக்கு அறுத்துத் தள்ளினார். அடுத்த சுவரையும் அறுத்தார். குதிரைமுடி தரையெல்லாம் பறந்தது. அது தெக்லா தைத்த மெத்தை. அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாளாம், தடுக்கவில்லை.

கிரெச்மார் ஓடிவந்து, "டிரவுகாட், உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று கத்தியிருக்கிறார். இவர் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிதானமாக நடந்துகாட்டி, "ஏறி வாங்க ஐயா. நீங்களும் நடந்து பாருங்க. எதையும் பிடிச்சுக்க வேண்டாம், சும்மா நடங்க" என்றாராம். பிறகு அறுத்த சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். அடக்கத்தன்று அழாத மனுஷர், அண்ணா.

போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போனது. வழக்கென்று போனால் எதற்காக அறுத்தார் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்பார்களே, அதனால் கம்பெனி விட்டுவிட்டது. வேலை போயிற்று. பெட்டிக்குப் புதுச் சுவர் வைத்து, விழாவையும் நடத்திவிட்டார்கள். வெளிப்பலகை அப்படியே இருக்கிறது. ஒட்டோமார் இடத்தில் வேறொருவன் நடக்கிறான். ஜன்னல் வழியாக அவனைப் பார்த்தேன், அவனும் வயிற்றை எக்கிக்கொண்டுதான் நிற்கிறான்.

இப்போது அவர் விவசாயிகளுக்குத் தள்ளுவண்டி செய்து கொடுக்கிறார். வண்ணம் பூசுவதில்லை. அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

நான் எழுத உட்கார்ந்தது தெக்லாவுக்காக. அவள் உண்டாகியிருக்கிறாள். ஈஸ்டர் வரை பொறுக்கவில்லையே என்று நான் அவளைத் திட்டவில்லை, நீங்களும் நினைக்காதீர்கள். அவள் அப்பா வீட்டைவிட்டு அனுப்பிவிட்டார், எங்களிடம் இருக்கிறாள். பட்டறையிலும் நிறுத்திவிட்டார்கள். தண்ணீர் எடுக்கப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். பாதிரியார் நல்லபடியாகத்தான் பேசுகிறார், ஆனால் ஞானஸ்நானப் பதிவில் தகப்பன் பெயரை எழுத மாட்டாராம். இறந்தவன் வந்து ஒப்புக்கொள்ள முடியாதே என்கிறார்.

அவளை உங்களிடம் அனுப்புகிறேன். பிரேமனிலிருந்து கப்பல் மே மாதம் புறப்படுகிறது. குழந்தையாவது இங்கே இருக்கட்டுமே என்று உங்கள் மாப்பிள்ளையிடம் ஒரே ஒரு முறை கேட்டேன். "போகட்டும். இங்க வளர்ந்தா இந்த ஊர்ல வேற என்ன வேலை இருக்கு? அதுவும் அந்தப் பலகையிலதான் ஏறும்" என்றார். அவன் இறந்ததைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

அண்ணா, அவள் நன்றாகத் தைப்பாள், வீட்டுக்குப் பாரமாக இருக்கமாட்டாள். அதிகம் பேசமாட்டாள், அதைத் திமிர் என்று அண்ணி எடுத்துக்கொள்ள வேண்டாம். யார் என்று அங்கே கேட்டால் உங்கள் மருமகனின் மனைவி என்று சொல்லுங்கள். நம் அம்மாவின் மோதிரத்தை அவள் விரலில் போட்டு அனுப்புகிறேன். கடலுக்கு அந்தப் பக்கம் எந்தப் பாதிரியார் வந்து பதிவைப் புரட்டப்போகிறார்?

பிரசவ நேரத்தில் அண்ணி கூட இருக்கட்டும். வெந்நீரும் சுத்தமான துணியும் தயாராக இருக்கட்டும். பயந்தால் அவள் கையைக் கடித்துக்கொள்வாள், கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். எல்லாம் முடிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். பையனா பெண்ணா என்பது பிறகு. இரண்டு பேரும் பிழைத்தார்கள் என்று மட்டும்.

என்ன பெயர் வைப்பது என்று அவள் கேட்டால், உன் இஷ்டம் அம்மா என்று சொல்லுங்கள். அவன் பெயருக்கு நான் ஆசைப்பட்டதாகச் சொல்ல வேண்டாம். அவளாக வைத்தால் வைக்கட்டும்.

கர்த்தர் உங்கள் கூரைக்குக் கீழே இருக்கிற எல்லாரையும், இனி வரப்போகிற இரண்டு பேரையும், கைவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள் தங்கை,
எர்னஸ்டீன்