எழில்முனை என்று பெயர் வைத்தவன் நான்

இந்தப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பெருமக்களே! நிற்கும் என்கிறேன், அமர்ந்திருக்கும் என்று சொல்ல வழியில்லை. அதுவே என் முறையீடு. நீங்கள் அமர வேண்டிய கல்லிருக்கை நெடுக, விரல் நீள இரும்பு முட்களை நட்டுவைத்திருக்கிறார்கள். அவற்றுக்கு நல்ல தமிழில் பெயர் சூட்டியவன் நான். ஆதலால் இன்று உங்கள்முன் சொற்பொழிவாற்ற எனக்குத் தகுதியில்லை. நாற்பது நாளுக்கு முன் இதே இடத்தில் விழுந்து மறைந்த என் நண்பனுக்கு எழுதிய மடலைப் படிக்கிறேன். கேளுங்கள்.

நண்பா,

இன்று காலை திருவரங்கத்தில் இறங்கியதும் புதுப்பூச்சின் நெடி மூக்கில் அறைந்தது. முட்களுக்குப் பொன்னிறம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முள்ளாக, மெல்லிய தூரிகையால், குழந்தைக்கு மையிடும் பரிவோடு. ஒரு மனிதன் உட்காரக்கூடாது என்பதற்கு இத்தனை பரிவா! தூரிகையைப் பிடுங்கி எறியக் கை துடித்தது. எறியவில்லை. இங்கே எறியப்பட வேண்டியவற்றில் என் சொல்லும் ஒன்று.

பாலக்கரைத் தேநீர்க்கடையில் நாம் மோதாத நாளுண்டா? பயன் கருதாமல் விலகி நின்று காணும்போது தோன்றுவதே தூய அழகு என்று நான் முழங்குவேன். இருக்கையும் நிழற்கூரையும் வடிவமைத்துப் பிழைத்த நீ, சுடச்சுடக் குவளையை என் உள்ளங்கையில் வைத்து அழுத்துவாய். "தூரமா நின்னு பாக்குறவனுக்கு கிளாஸ் அழகுதான் மாப்ளே. புடிக்கிறவன் கை என்ன சொல்லுது, அதக் கேளு!" நான் கையை உதறுவேன். கடையே சிரிக்கும்.

இந்த முனையை அழகுபடுத்த ஒரு குழு கிளம்பியபோது உன்னிடம்தான் வரைபடம் கேட்டது. பச்சைமலை அடிவாரத்திலிருந்து மரவள்ளி மூட்டையோடு வந்திறங்கும் பெண்களின் முழங்கால் உயரத்தை நீ நாடாவால் அளந்தாய். அந்த உயரத்துக்கு இருக்கை வரைந்தாய், விளிம்பை மழுக்கினாய். குழுத்தலைவர் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா கண்டவனும் படுத்துத் தூங்குவான் சார், பாக்க அசிங்கமா இருக்கும்." உன் இருக்கையைக் கட்டிவிட்டு, அதன் மேல் முள்ளை நட்டார்கள்.

பிறகு என்னிடம் வந்தார்கள். "தமிழ்ப் பேரு ஒண்ணு வேணுங்க ஐயா." எழில்முனை என்றேன். திறப்பு நாளில் மேடையேறி விளக்கமும் தந்தேன்: முனை என்றால் தெருமுனை, முனை என்றால் கூர்மை, ஒரே சொல்லில் இடமும் வடிவமும்! கைத்தட்டல் அடங்க நெடுநேரமாயிற்று.

அந்தக் கைத்தட்டலுக்குள் புகுந்து வந்தாய் நீ. எவரையும் திட்டவில்லை. நேரே போய் முட்களின் மேல் உன் முழு எடையோடு அமர்ந்தாய். துணி கிழிந்த ஒலி மேடைவரை கேட்டது. வெள்ளைக் கால்சட்டை சிவந்தது. கூட்டம் அலறியது.

"பாருங்க புலவரே, உங்க எழில் நல்லா ஒட்டுது! இருக்கைன்னா என்னய்யா? இருன்னா உக்காருன்னு அர்த்தம். உயிரோட இருன்னும் அர்த்தம். நீதானே எட்டாங் கிளாஸ்ல எனக்குச் சொன்ன?"

ஒலிவாங்கியில் சொன்னேன்: "குடித்துவிட்டு வந்திருக்கிறான், அப்புறப்படுத்துங்கள்." வாழ்நாளில் மதுவைத் தொடாத உன்னை! ஐந்து வேளையும் தொழுத உன்னை! நால்வர் உன்னை இழுத்துப்போனார்கள். அதன்பின் நாம் பேசவேயில்லை.

நீ விழுந்த பகலை, எதிரே பூ விற்கும் அம்மா எனக்குச் சொன்னார். "நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்கார எடம் தேடுனாருங்க. அந்தக் கம்பியத் தடவிப் பாத்தாரு. இங்க வாங்கய்யா, என் கோணியில உக்காருங்கன்னு கூப்பிட்டேன். சிரிச்சாருங்க. 'பேரு மட்டும் நல்லாருக்கும்மா'ன்னாரு. அப்படியே சாஞ்சுட்டாரு."

உட்கார்ந்திருந்தால் பிழைத்திருப்பாயா? மருத்துவருக்கும் தெரியவில்லை. உன் கடைசி மூச்சுக்கு, நீயே அளந்து வரைந்த இருக்கை இடம் தரவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

பெயரில்லாத நாளில் அது வெறும் முள். கண்டவர் முகம் சுளித்தனர், வைத்தவரும் கூசினர். நான் பெயரிட்டதும் அது கலையாயிற்று, கூச்சம் செத்தது. கொடுமையை இரும்பு செய்தது, அதற்கு ஒப்பனை செய்தது என் தமிழ். அந்தச் சொல்லை நான் சுமக்கிறேன். தூங்கும்போதும் நாவில் குருதிச் சுவையோடு கிடக்கிறது. உன்னைக் குடிகாரன் என்ற சொல்லும் அதனருகில் கிடக்கிறது. அதே ஒலிவாங்கியில் சொல்கிறேன்: நான் பொய் சொன்னேன். அன்று இங்கே தெளிவாக இருந்தவன் நீ ஒருவனே.

பெருமக்களே, மடல் முடிந்தது. உறையூர்ப் பட்டறையிலிருந்து இருவர் இரும்பறுக்கும் பொறியோடு வந்து நிற்கிறார்கள். குழுத்தலைவரும் இங்கேதான் இருக்கிறார். தலைவரே, ஏணியை நான் பிடிக்கிறேன், ஏறுங்கள். எழில்முனை என்று எழுதி மாட்டிய அந்தப் பெயர்ப்பலகையை முதலில் கழற்றிக் கீழே போடுங்கள். வழக்கு வந்தால் என் பெயருக்கு வரட்டும். தம்பிகளே, பொறியை முடுக்குங்கள். அடுத்த பேருந்து வருவதற்குள் ஒரு முள்கூட மிஞ்சக்கூடாது. அறுங்கள்!