நான் வைத்த சிவப்புப் புள்ளிகள்

இந்தக் கொப்பி யார் கையில் கிடைத்தாலும், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், ஒருவருக்கும் காட்டாதீர்கள். அப்பாவுக்கும் காட்டாதீர்கள். இது என் அம்மாவுக்கு எழுதுவது. அவர் இறந்து ஒன்பது மாதமாகிறது.

அம்மா, நீங்கள் கீறிய கிணற்றுப் படத்தை இப்போதுதான் பாயில் விரித்தேன். இன்னும் மண்ணெண்ணெய் மணக்கிறது. அன்றைக்கு விளக்கைத் தட்டிவிட்டது நான். நீங்கள் ஏசவில்லை. "போகட்டும், இனி கறையான் அரிக்காது" என்றீர்கள்.

நீங்கள் அதைக் கீறிய வருடம் குளம் வற்றிப்போயிருந்தது. பவுசர் லொறியில் தண்ணீர் வந்தால் முன்னுக்கு நின்றவர்களுக்கே கிடைத்தது. அதனால் நீங்கள் வீடு வீடாகப் போய், எந்தக் குடும்பம் எந்தக் கிணற்றில் அள்ளுகிறது என்று கேட்டுக் குறித்தீர்கள். "வீட்டு நம்பரை நாளைக்கே மாத்திடுவாங்க. தண்ணி அள்ளுற கிணத்தை யாரும் லேசுல மாத்திக்க மாட்டாங்க, எழுதிக்கோ." நான் பின்னால் கொப்பியோடு ஓடிவந்தேன். ஏழு கிணறு. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய எங்கள் ஆட்கள் முழுப்பேரும் அந்த ஒரு தாளில் வந்துவிட்டார்கள்.

பிறகு தேர்தல் வந்தபோது அதே தாளோடு வாக்குக் கேட்கப் போனீர்கள். ஏழு கிணற்று ஆட்களும் ஒரே தேர்தல் வட்டாரத்தில் இருந்ததால், முதன்முதலாக எங்களில் ஒருவர் பிரதேச சபைக்குப் போனார். அவர் கேட்டுக் கேட்டுத்தான் பாடசாலை வீதிக்குக் கிரவல் மண் வந்தது. ஆனால் சபையைப் பிடித்தது வேறு கட்சி. வட்டாரங்களை எப்படிப் பிரிப்பது என்று எல்லை நிர்ணயக் குழுவுக்கு யோசனை எழுதி அனுப்புவதும் அவர்களின் ஆட்கள்தான். அது எனக்கு அப்போது தெரியாது, அம்மா.

உங்கள் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த கிழமை, சபைத் தவிசாளரின் உதவியாளர் மோட்டார்சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். அப்பாவுக்குச் சபைப் பவுசர் ஓட்டும் வேலை எடுத்துத் தந்தவர். கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே கேட்டார்.

"பிள்ளை, கொம்மா கீறின கிணத்துப் படம் இருக்கோ? குழாய்த் தண்ணி தரப்போறம். வடிவா ஒரு பிரதி எடுத்துத் தாவன்."

"ஓம் மாமா."

"எந்தெந்த வீடு மலைநாட்டாக்கள் எண்டும் ஒரு புள்ளி போட்டுவிடு. முதல்ல அவைக்குத்தான்."

உங்கள் சிறுநீரகத்தைக் கெடுத்த தண்ணீரை இனி யாரும் குடிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். பிரதி எடுத்து, சிவப்புப் பேனையால் எங்கள் ஆட்களின் ஒரு வீடு விடாமல் புள்ளி வைத்தேன். சந்தோசமாக வைத்தேன். அவர் அந்தத் தாளில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு இழுத்து, "இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி" என்று எழுதினார். குழாய் போகும் வழி என்றார். பிறகு, தாள் அழுக்காகிவிட்டது, சுத்தமாக ஒன்று கீறித் தா என்று கசக்கிப் போட்டார். புதியதைக் கொடுத்தேன். கசக்கியதை நீவி எடுத்து உங்கள் படத்தோடு வைத்தேன்.

இன்று கூட்டுறவுக் கடைச் சுவரில் புதிய வட்டாரப் படம் ஒட்டியிருந்தது. அதே கோடு. மூன்று கிணறு டவுண் பக்க வட்டாரத்துக்கு, நாலு கிணறு குளத்துக்கு அந்தப்பக்க வட்டாரத்துக்கு. இரண்டிலும் நாங்கள் கொஞ்சப் பேர்தான். இனி எங்களில் ஒருவர் வெல்லவே முடியாது. பக்கத்து வீட்டு வசந்தி அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "நம்மளை நல்லாத் தெரிஞ்ச யாரோதான் கீறியிருக்காங்க. ஒரு வீடுகூடத் தப்பலையே" என்றார். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

நாளை ஆட்சேபனை கொடுக்கக் கடைசி நாள். குழு இருக்கும் பிரதேச செயலகத்துக்கு வசந்தி அக்கா காலை பஸ்ஸில் போகிறார். அவர் கையில் எந்த ஆதாரமும் இல்லை. தான் கோடு இழுத்து எழுதிய தாளை எங்கள் வீட்டிலேயே போட்டுவிட்டுப் போனது அந்த உதவியாளருக்கு நினைவு வந்துவிட்டது. பின்னேரம் அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்.

"அதைக் குடுத்துடு புள்ள. வாற மாசம் என்னை நிரந்தரமாக்குறேன்னு சொல்லியிருக்காங்க. உங்கம்மாவும் இல்ல. இதுவும் போச்சுன்னா நாம எங்க போறது?"

"எரிச்சிட்டேன் அப்பா."

அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பிடவும் இல்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது, அம்மா. தாளைக் குழுவிடம் கொடுத்தால் அப்பாவுக்கு வேலை போகும். கொடுக்காவிட்டால் ஏழு கிணறும் போகும். நான்தான் புள்ளி வைத்தேன் என்று தெரிந்தால் வசந்தி அக்கா என்னோடு கதைப்பாரா? எந்த வீட்டில் எத்தனை பேர், எந்தக் கிணறு என்று இப்போதும் பார்க்காமல் சொல்வேன். நீங்கள் எனக்குத் தந்தது அது ஒன்றுதான். அதைத்தான் நான் அவரிடம் தூக்கிக் கொடுத்தேன்.

காலையில் வசந்தி அக்காவோடு பஸ் ஏறப்போகிறேன். புள்ளி வைத்தது நான், கோடு கீறியது அவர் என்று குழுவுக்கு முன்னால் சொல்வேன். குரல் வராவிட்டால் தாளை மட்டுமாவது மேசையில் வை

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். வசந்தி அக்கா தட்ட மாட்டார், பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். வெளியே மோட்டார்சைக்கிள் நிற்கிறது. அப்பா எழும்பிவிட்டார். அம்மா, தாளை நான் எங்கே