வேன் ஏன் நிற்கிறது

மகளே,

இதில் ஓரெழுத்து பொய்யென்றாலும் என் பல்செட் தொண்டையில் சிக்கட்டும்.

முடிவெட்டப் போகிறேன். சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. சாவி ஆணியில்.

"இந்தச் சனியனை வித்துத் தொலைச்சாதான்ப்பா நிம்மதி" என்றாய் நேற்று. அவசரப்படாதே. நம் வேன் ஏன் பாதிவழியில் நிற்கிறதென்று கண்டுபிடித்துவிட்டேன். பெட்ரோல் மேலும் பேட்டரி மேலும் குற்றமில்லை. அதற்குக் கதைப் பைத்தியம். நாம் பேசாமல் போனால் கோபித்துக்கொண்டு அணைந்துவிடுகிறது. ஓரங்கட்டி நான் கதைவிட, "புளுகாதீங்கப்பா" என்று நீ சிரித்தால், அரைமணியில் கிளம்பிவிடுகிறது. போனமுறை யானைக் கதையைப் பாதியில் விட்டேன். மீதியைக் கேட்டுத் தானாகவே ஹாரன் அடித்தது. நீதான் கவனிக்கவில்லை.

வீட்டில் உனக்கு வேலை, போன், தூக்கம். அந்த அரைமணியில்தான் உன் முகத்தையே பார்க்கிறேன். விற்காதே.

அப்பா

பூனைக்குப் பால் வைத்தாயிற்று. இல்லையென்று சாதிக்கும், நம்பாதே.

இன்னொன்று. என்ஜினில் ஒரு சென்சார், சூடானால் செத்து ஆறினால் பிழைக்கிறதாம். மாற்றச் சொல்லி மெக்கானிக் போன மாதமே கொடுத்த புதியது, பிரிக்காமல் என் தலையணைக்கடியில் இருக்கிறது.