தலைகீழாக வாசித்த கடிதம்

பாய்,

டெக்சஸ் மொத்தமும் பனியில் உறைந்து, கரண்ட் போய், எங்கள் வீட்டுக் குழாய் வெடித்துக் கார்ப்பெட் மிதந்ததே, அதற்கு அடுத்த வருஷம். பேத்தி நிலாவுக்குப் பல்லில் கம்பி கட்டிய வருஷம். அப்போதுதான் ரிச்சர்ட்சன் லைப்ரரியில் கழித்துப் போட்ட புத்தகங்களுக்குள் கையை விட்டு அந்தத் தடிப் புத்தகத்தை நீங்கள் எடுத்தீர்கள்.

நேற்று உங்களுக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதினார்கள். இன்று காலையில் உங்கள் மகன் நவாஸ் வந்து அந்தப் புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். திறந்தால் உங்கள் தைல வாசனை. எழுத்துத் தெரியாதவனுக்கு எழுநூறு பக்கம்! நான் சொல்லச் சொல்ல மருமகள் இதை எழுதுகிறாள். என் பேச்சுக்கு அவள் கொஞ்சம் சட்டை மாட்டிவிட்டிருப்பாள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேல்ஸ் நாட்டுப் பண்ணையார் குடும்பம் இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் எழுதிக்கொண்ட கடிதங்கள் என்றீர்கள். கல்லூரியில் இங்கிலீஷ் நடத்தியவர் நீங்கள். வாரம் இரண்டு நாள் லைப்ரரி மேஜையில் வாசித்து எனக்குத் தமிழில் சொன்னீர்கள். பண்ணையார் மகன் லண்டனில் வக்கீலுக்குப் படிக்கிறான். ஈரக் காலோடு திரியாதே, பாலாடைக்கட்டி அனுப்பியிருக்கிறேன், அப்பாவுக்குக் கால் வீக்கம், கிழட்டுக் குதிரை செத்துப்போயிற்று என்று அம்மா நாலு பக்கம் எழுதுவாள். அவன் நாலே வரியில் பதில் போடுவான்: சுகம், தலைக்குப் புது விக் வேண்டும். அம்மா வேல்ஸ் பாஷையில் திட்டினால் அவன் இங்கிலீஷில்தான் வாய் திறப்பானாம்.

"நம்ம வீடேதான் பாய்," என்றேன்.

அவன் தங்கையை யாரோ கசின் பெண் கேட்டு வந்தான். "அத்தை மகனா, சித்தப்பா மகனா?" என்று நான் விடவில்லை.

"அண்ணாச்சி, அவங்களுக்கு எல்லாமே கசின்தான்."

"அது எப்படி பாய்? முறை தெரியாம நான் எப்படிச் சந்தோஷப்படுறது?"

உங்கள் காரில்தான் போய்வருவோம். "அண்ணாச்சி, சிக்னல்ல என்ன கலர்?" என்று கேட்பீர்கள். எழுத்துத்தான் தெரியாது, கலராவது தெரிகிறதா என்று கேலி பண்ணுகிறீர்கள் என்றே நினைத்து, வீறாப்பாகச் "சிவப்பு!" என்பேன்.

ஒரு நாள் நீங்கள் வாசித்த கடிதத்தில் செத்த குதிரை வண்டி இழுத்து வந்தது. "இது போன மாசமே செத்துப்போச்சே பாய்," என்றேன். "அது வேற குதிரை," என்றீர்கள். செத்ததைப் போலவே அதற்கும் நெற்றியில் வெள்ளைச் சுட்டி.

மறு வாரம் நீங்கள் கைகழுவப் போன நேரம் பார்த்துப் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தேன். அந்தப் பக்கத்தில் பண்ணையார் வீட்டுப் படம் இருந்தது. புகைபோக்கி கீழே, புல்தரை மேலே. நீங்கள் வந்து உட்கார்ந்து, விரலை ஓட்டிக் கணீரென்று வாசித்தீர்கள்: "எல்லாரும் சுகம். தங்கைக்கு அத்தை மகனோடு கல்யாணம் நிச்சயம்."

அத்தை மகன்! எனக்காகவே போட்ட அத்தை மகன். சிரிப்பு வந்த வேகத்தில் அந்தச் சிக்னல் ஞாபகம் வந்தது. கலர் கேட்டது கேலிக்கில்லை.

"பாய், சாவியைக் குடுங்க."

"ஏன், உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது. உங்களுக்கும் பாக்கத் தெரியல."

சட்டைப் பையிலிருந்த சாவியைப் பொத்திக்கொண்டு, "நவாஸ்ட்ட சொல்லிராதீங்க அண்ணாச்சி. சாவி போச்சுன்னா இந்த ஊர்ல நான் சோபாவோட சோபாதான். நாம பாத்துக்கிறதும் அன்னைக்கோட சரி," என்றீர்கள்.

அது எனக்கும் தெரியும். வாரத்தில் அந்த இரண்டு நாளை விட்டால் எனக்கு மட்டும் இங்கே வேறு என்ன இருந்தது? ஆனாலும் ரோட்டில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்களே பாய். போனில் நவாஸ் படத்தைத் தேடி அமுக்கினேன். அவர் வந்து சாவியை வாங்கும்போது நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை.

பதினேழு நாள் பேச்சு இல்லை. பதினெட்டாம் நாள் போன் வந்தது.

"அண்ணாச்சி, அந்தக் குதிரை செத்தது செத்ததுதான்."

"அதை விடுங்க பாய். கல்யாணம் என்னாச்சு?"

"வாங்க, சொல்றேன். கண்ணுதான் போச்சு. கல்யாணம் நிக்கக் கூடாதுல்ல!"

அதற்குப் பிறகு மருமகள் ஆபீஸ் போகிற வழியில் என்னை உங்கள் வீட்டில் இறக்கிவிடுவாள். புத்தகத்தைத் தொடாமலே நாலு வாரம் கல்யாணம் நடத்தினீர்கள். வாசலில் மழை, விக் நனைந்து மாப்பிள்ளை மொட்டைத் தலையோடு நின்றது, சமையல்காரி பண்ணையாரை வேல்ஸ் பாஷையில் ஏசியது. உங்கள் வீட்டம்மா சிரித்து டீயைக் கொட்டினார்.

இன்று நிலாவிடம் அந்தப் படம் உள்ள பக்கத்தை வாசிக்கச் சொன்னேன். "தாத்தா, இட்ஸ் ஜஸ்ட் அபவுட் எ லீக்கிங் ரூஃப்," என்றாள். கூரை ஒழுகுகிறது, கொத்தனார் வரவில்லை. அவ்வளவுதான். சாயங்காலம் வரை புரட்டிப் பார்த்தாள். கல்யாணம் எங்கேயும் இல்லை.

புத்தகத்தில் இல்லாவிட்டால் என்ன? எனக்கு ஒரு சொல் மறக்கவில்லை. மாப்பிள்ளை, பெண், பண்ணையார் யாரும் இன்று இல்லை. உங்கள் வீட்டம்மா போன வருஷம் போனார், பின்னாலேயே நீங்களும் போய்விட்டீர்கள். அந்தக் கல்யாணத்துக்குப் போய்வந்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது உங்கள் அண்ணாச்சி, இந்தத் தென்காசி சுடலைமுத்து ஒருவன்தான்.