ஒரு ஸ்குரூவுக்கு ஒரு வயர்

குமுதா,

எனக்கு இன்று கெமாஸில் வேலை, சாயங்காலம்தான் வருவேன். நீ தூங்கியதால் எழுப்பவில்லை. நடித்திருந்தால், நன்றாகவே நடித்தாய்.

காலையில் இன்ஸ்பெக்டர் மறுபடியும் வருகிறார். நான் போட்ட புது அடுப்படி வயரிங்கைப் பார்த்து, ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனாரே, அவரேதான். மின்சாரப் பெட்டிக்குள் இரண்டு எர்த் வயரை ஒரே ஸ்குரூவில் முடுக்கியிருந்தேன். ஒன்று இறுகினால் இன்னொன்று தளரும் என்றார். இப்போது ஒவ்வொரு பச்சை எர்த் வயருக்கும் தனி ஸ்குரூ கொடுத்துவிட்டேன். மூடியை அவரே கழற்றிப் பார்க்கட்டும். நீ கை வைக்காதே.

அவர் சரி என்றால்தான் அடுப்படிக்குக் கரண்ட். அதனால் அவரிடமாவது பேசு.

முந்தாநாள் நான் புத்தகம் படித்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாய். "செவுத்துகிட்ட பேசலாம் லா, அதாச்சும் எதிரொலிக்கும்" என்றாய். அதோடு நீயும் வாயை மூடிக்கொண்டாய். இந்த வீட்டில் பேசாமல் இருப்பது என் வேலை அல்லவா? இரண்டு மௌனத்தை ஒரே ஸ்குரூவில் முடுக்கினால் எந்த வீடும் பாஸாகாது.

கேட் சாவி அரிசி டப்பா மேல் இருக்கிறது. நெத்திலி சம்பல் மூடி வைத்திருக்கிறேன், பூனை வந்துபோகிறது.

பி.கு.: அவர் என்ன சொன்னார் என்று மெசேஜ் அனுப்பாதே, போன் போடு. எடுத்துப் பேசுவேன். நம்பாவிட்டால் மேசையைப் பார். புத்தகத்தை வைத்துவிட்டுப் போகிறேன்.